பெரியப்பாவின் கார்

பழைய பெட்ரோலின் புளித்த நெடி அந்தக் கொட்டகை முழுக்க அடித்தது. பல வருஷமாகக் கிளப்பாமல் கிடந்த காரைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட, பெரியப்பா மகன் மெக்கானிக்கைக் கூட்டி வந்திருந்தார். புது பேட்டரி போட்டும் கிளம்பாததால், மெக்கானிக் டேங்கைத் திறந்து பெட்ரோலை வடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நெடியில் எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. எப்போதும் பனியனோடு நின்று காரைத் துடைத்துக்கொண்டிருப்பார். நாங்கள் தொட்டுவிட்டால் அந்த இடத்தை மறுபடியும் துடைப்பார். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த சாயங்காலம், அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

“அத்தான், இவுகள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். வண்டிய எடுங்க.”

“பேட்டரி இறங்கிருச்சு ஆத்தா, கிளம்பாது” என்றார், துடைப்பதை நிறுத்தாமல்.

காய்கறி வேனில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். அப்பா பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் அதே கார் வந்து நின்றது. ஆரஞ்சுப் பழப் பையோடு பெரியப்பா இறங்கினார்.

“கிளம்பிருச்சாக்கும்?” என்று மட்டும் அம்மா கேட்டாள்.

“அதுவா கிளம்பிருச்சு” என்றார். அவ்வளவு அற்பமான மனுஷரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அம்மா அந்தப் பையை அவர் கண்முன்னாலேயே வார்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டாள்.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்து புது பெட்ரோல் ஊற்றியதும் என்ஜின் இருமிக் கிளம்பியது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பாவே வந்து கிளப்பிவிட்ட மாதிரி இருக்குடா. ஏறு, ஒரு சுத்துப் போவோம்.”

“அவுக அவ்வளவு லேசுல கிளப்ப மாட்டாகண்ணே” என்றேன்.

அண்ணனுக்குப் புரியவில்லை. நான் தெருவுக்கு வந்து ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன்.