மொத்த வியாபாரிகளுக்கு மட்டும்

தக்காளி விலை விழுந்தால் மாரண்டஹள்ளியில் எல்லோருக்கும் வேலை நின்றுபோகும். எனக்கு மட்டும் கூடிவிடும். பெங்களூரில் இருக்கும் ஒரு காய்கறி கொள்முதல் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாத விலை போகும்போது, கம்பெனி தன் ஆப்பில் கொஞ்சம் நல்ல விலையை அறிவிக்கும். காலையில் பதிவுக்கான ஸ்லாட் திறக்கும், அன்றைக்கு இத்தனை லோடுதான் என்ற கணக்கோடு. பதிவானவர்களின் தக்காளிக்கு லாரி வரும், பதிவாகாதவர்களின் தக்காளி மாட்டுக்கு. மாவட்டமே ஒரே நேரத்தில் ஃபோனை அமுக்கினால் சர்வர்கள் திணறும். அப்போது புது மெஷின்களைச் சேர்க்க வேண்டியது நான்.

சேர்ப்பது என்றால் கம்பி இழுப்பதோ திருகு முடுக்குவதோ இல்லை. ஆப்பின் வேலைகளைச் சிறு சிறு கன்டெய்னர்களாகப் பிரித்துப் பல மெஷின்களில் ஓடவிட்டிருப்போம். அந்த மெஷின் கூட்டத்துக்குப் பெயர் கிளஸ்டர். எங்கோ ஒரு டேட்டா சென்டரில் புது மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கருப்புத் திரையில் அதற்குள் நுழைந்து, ஜாயின் என்ற கட்டளையை அடித்தால் அது கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். ரெடி என்று காட்டும். எந்தக் கன்டெய்னர் எதில் ஓடுவது என்பதை அதன்பின் கிளஸ்டரே பார்த்துக்கொள்ளும். இடம் கிடைக்காதவை வரிசையில் காத்துக்கிடக்கும்.

அன்று அப்பாவின் தக்காளி பறித்தாகிவிட்டது. கிரேட்டுப் பெட்டிகள் வாசல் வரை அடுக்கிக் கிடந்தன. அப்பா என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஃபோனை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்து நிலத்து மேல்காட்டுக்காரரும் தன் ஃபோனோடு வந்துவிட்டார்.

“கம்பெனியே இந்த வூட்டுலதான் இருக்குது. நமக்கென்ன கவலை?” என்றார் என்னைப் பார்த்து.

ஸ்லாட் திறந்ததுமே சர்வர்கள் திணற ஆரம்பித்தன. நான்கு மெஷின்களைச் சேர்த்தேன். இந்தத் தடவை ஜாயின் கட்டளையோடு சேர்த்து ஓட்டச் சொல்லி மேனேஜர் ஒரு செட்டிங்ஸ் ஃபைல் அனுப்பியிருந்தார். அதையும் சேர்த்தே ஓட்டினேன். நான்கும் ரெடி என்று வந்தன. அப்பாடா என்று தண்ணீர் குடித்தேன்.

“சுத்திக்கிட்டே கெடக்குதே பாப்பா,” என்றார் அப்பா ஃபோனைக் காட்டி.

லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தால், பழைய மெஷின்கள் நாக்குத் தள்ளிக்கொண்டிருக்க, புதியவை நான்கும் ஏறக்குறைய சும்மா இருந்தன. விவசாயிகளின் பதிவைக் கவனிக்கும் கன்டெய்னர்கள் வரிசையில் அப்படியே நின்றன. ஒரு மெஷினின் விவரத்தைத் திறந்து படித்தேன். எங்கள் தொழிலில் டெயின்ட் என்று ஒரு குறி உண்டு. அதை ஒரு மெஷின் மேல் போட்டுவிட்டால், அனுமதி உள்ள கன்டெய்னர் மட்டுமே அதற்குள் போக முடியும். மேனேஜரின் ஃபைல் நான்கின் மேலும் அதைப் போட்டிருந்தது. மொத்த வியாபாரிகளுக்கு மட்டும். முந்தின நாள் எங்கள் காட்டு வரப்பில் நின்றுகொண்டு, பாதி விலைக்குக் குடுத்துடுங்க என்று கேட்டார்களே, அவர்களுக்கு. அப்படி மற்றவர்களிடம் வாங்கியதை அவர்கள் இப்போது லாரி லாரியாகக் கம்பெனி விலைக்குப் பதிந்துகொண்டிருந்தார்கள்.

மேனேஜரை அழைத்தேன். அவரும் எங்கள் மாவட்டம்தான். இண்டூர்ப் பக்கம், நிலம் நீச்சுள்ள குடும்பம்.

“சார், புது மெஷின்ல விவசாயிங்களோட பதிவு போகவே இல்ல. டெயின்ட் இருக்கு சார்.”

“தெரியும்மா, நாந்தான் போட்டேன். பெரிய சப்ளையருங்களுக்குன்னு தனியா எடுத்தது அது. அவங்க ஒருத்தர் பண்ற புக்கிங், உங்க ஊரே சேர்ந்து பண்றதுக்குச் சமம்.”

“அப்ப இவங்க?”

“வெயிட் பண்ணுவாங்கம்மா. எங்க போயிடப் போறாங்க?”

அவர் சொன்னது உண்மைதான். எங்கேயும் போக முடியாது. அதைத் தெரிந்தே சொன்னார் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் விரல் சரியாகப் படவில்லையோ என்று வேட்டியில் துடைத்துத் துடைத்து அமுக்கினார்.

குறியை எடுக்கும் கட்டளையும் போடும் கட்டளையும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைசியில் ஒரு சின்னக் கழித்தல் கோடு கூடுதலாக வரும், அவ்வளவே. நான்கு மெஷினுக்கும் அடித்தேன். வீரமெல்லாம் இல்லை, ஆத்திரம். வரிசையில் நின்ற கன்டெய்னர்கள் திபுதிபுவென்று புது மெஷின்களுக்குள் போய் உட்கார்ந்தன.

“வந்துடுச்சு!” என்றார் அப்பா. மேல்காட்டுக்காரருக்கும் வந்தது. எனக்குத் தெரியாத எத்தனையோ பேருக்கும் வந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் ஸ்லாட் தீர்ந்தது. அதில் சில வியாபாரிகளுக்கு இடம் போய்விட்டது.

மத்தியானம் லாரி வந்து கிரேட்டுகளை ஏற்றிக்கொண்டு போனது. அது தெருவைத் தாண்டுவதற்குள் மேனேஜர் கூப்பிட்டார்.

“யாரைக் கேட்டு டெயின்ட்ட எடுத்தேம்மா? உன் யூசர் பேர்லதான் பதிவாகியிருக்கு. இன்னைக்கு லிஸ்ட்டுல உங்கப்பா பேரும் இருக்கு. சொந்தத் தக்காளிக்காக கம்பெனி சிஸ்டத்துல கை வெச்சிருக்கே.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முழுக்க இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது, லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பவும் என்று உடனே மெயில் வந்தது.

அப்பாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். மெஷின், குறி, வியாபாரிகள், எல்லாம். அவர் கொஞ்சமாவது பெருமைப்படுவார் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

“நான் கேட்டனா உன்ன?” என்றார். “தக்காளி போனா அடுத்த போகத்துல வருது. மாட்டுக்குப் போடறது நமக்கென்ன புதுசா? மாசம் பொறந்தா இந்த வூட்டுக்குள்ள வர்றது உன் சம்பளம் ஒண்ணுதான். அதக் கொண்டுபோயி தக்காளிக்கு வெச்சுட்டு வந்து நிக்கிறியே!”

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு எரிச்சல்.

சற்றுக் கழித்துக் கூடத்தில் அப்பாவின் குரல் கேட்டது. மேஜைமேல் கிடந்த என் ஃபோனை எடுத்து, கடைசியாகப் பேசிய எண்ணுக்கு அவரே போட்டிருந்தார். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“சாருங்களா? நான் பொண்ணோட அப்பன் பேசறேங்க. சின்னப் புள்ளைங்க, தெரியாம செஞ்சுடுச்சுங்க. நீங்க பெரிய மனசு பண்ணணுங்க. அந்த லோடு உங்களுதாவே இருக்கட்டுங்க, காசு வேணாங்க எங்களுக்கு. புள்ளைய மட்டும் வேலைக்கு எடுத்துக்குங்க.”

“சரிங்க, பாக்கலாங்க,” என்றார் மேனேஜர். தொடர்பு அறுந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் எழுந்து கதவருகே வந்தேன். அப்பா இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.