பெல்தோர்ப் வீட்டு வண்டிக் கதவு

இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுகத்துக்குப் பின்னால் டோர்கஸ் பின்னெல் என்ற பெண் நடத்தியது சாரட்டு வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் பட்டறை. பெரிய வீட்டுக்காரர்கள் கதவில் குலச்சின்னம் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்க மாட்டார்கள். அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஆண்களுக்கும், கணவன் உயிரோடிருக்கும் பெண்களுக்கும் கேடய வடிவம். கன்னிக்கும் கைம்பெண்ணுக்கும் சாய்சதுரம்.

சாய்சதுரம் என்றாலே டோர்கஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். கேடயத்தில் மார்பை நிமிர்த்தி நிற்கிற பெல்தோர்ப் வீட்டுச் சின்னமான காட்டுப்பன்றியை அந்தக் குறுகிய மூலைகளுக்குள் அடைத்தால் பின்னங்கால் இடிக்கும், வாலுக்கு இடமே இருக்காது.

கேப்டன் பெல்தோர்ப்பின் கப்பல் மூழ்கிவிட்டதாகச் சேதி வந்த வாரமே அவர் மனைவி வண்டியை அனுப்பிவிட்டாள். சாய்சதுரம் வேண்டுமாம். அதே கப்பலில்தான் டோர்கஸின் கணவன் சைலஸ், கப்பற்பாய் தைக்கும் வேலைக்குப் போயிருந்தான். கப்பல் முதலாளியின் அலுவலகத்தில் போய்க் கேட்டாள்.

"அதிகாரிங்க பேரு மட்டுந்தாம்மா வந்திருக்கு" என்று கையை விரித்தார்கள்.

ஒரு தடவையா, பதினான்கு தடவை நடந்தாள். பதில் மாறவில்லை. பெரிய வீட்டுக்குக் கடிதம் வரும். இவளுக்கு அந்த வண்டிக் கதவுதான் கடிதம். அழுதுகொண்டே பன்றியை மடக்கி வரைந்தாள்.

ஐந்து மாதம் கழித்து வண்டிக்காரர் திரும்ப வந்தார். "எல்லாத்தையும் சுரண்டிட்டு கேடயத்தையே போடணுமாம். ஐயா ஏதோ தீவுல உசுரோட இருக்காராம்."

"கூட யாரு யாரு இருக்காங்களாம்?"

"குதிரை ஓட்டறவன்கிட்ட அதெல்லாம் யாரு தாயி சொல்றாங்க?"

சைலஸும் அந்தத் தீவில் இருப்பான் என்றே முடிவு கட்டினாள். பாட்டுப் பாடிக்கொண்டே சுரண்டினாள். இலையுதிர்காலத்தில் வண்டி மறுபடி வந்தது. தீவுச் சேதி தப்பாம், சாய்சதுரமாம்.

"ஒரே கதவை எத்தன தடவை சுரண்டறது? பலகைல பொத்தல் விழுந்துடும்யா!" என்று கத்தினாள். கத்திவிட்டு, தூரிகையை எடுத்தாள். வேறென்ன செய்வது.

வசந்தத்தில் வண்டியோடு கேப்டனே வந்து இறங்கினார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. கதவைப் பார்த்ததும் எரிந்து விழுந்தார்.

"என் வீட்டம்மா என்னை ரெண்டு வாட்டி பொதைச்சிருக்கா! சீக்கிரம் கேடயத்தப் போடு."

டோர்கஸ் கதவின் குறுக்கே நின்றுகொண்டாள். "சைலஸ் பின்னெல், ஐயா. உங்க கப்பல்ல பாய் தச்சவரு. என் வீட்டுக்காரரு. அவரு எங்க?"

"சைலஸா? பொறப்பட்ட ரெண்டாம் மாசமே காய்ச்சல்ல போயிட்டானே. கப்பல் உடையறதுக்கு ரொம்ப முன்னாடியே." அவர் நிஜமாகவே திகைத்தார். "உனக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. பாழாய்ப்போன அலுவலகத்தில் ஒருவன்கூடச் சொல்லவில்லை. முதல் சாய்சதுரத்தை வரைந்த அன்று அதைக் கேட்ட பெல்தோர்ப் அம்மாளின் கணவன் உயிரோடிருந்தான். வரைந்தவள்தான் கைம்பெண்.

நுரைக்கல்லால் தேய்த்து, அடிப்பூச்சுப் பூசி, காயவைத்து, கேடயத்தைத் தீட்ட ஒன்பது நாள் ஆனது. பன்றி நன்றாகவே நின்றது. கேப்டன் வந்து குனிந்து, தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"அந்தச் சாய்சதுரம் சுத்தமா போயிடுச்சா?"

"உங்களோடது போயிடுச்சு, ஐயா" என்றாள் டோர்கஸ்.