கோபன்ஹேகன் போய்த் திரும்பிய ஊறுகாய்

கோபன்ஹேகன் போக ஒன்றரை நாள், இருக்க இரண்டு நாள், திரும்ப ஒன்றரை நாள். இதைக் கேட்டு நியூசிலாந்தில், எங்கள் ஆக்லாந்தில் சிரிக்காதவர்கள் இல்லை. எனக்கு ஊர் பார்க்கும் ஆசையெல்லாம் கிடையாது. அங்கே வேலைக்குப் போய் இரண்டு வருடமான என் மகன் போனில் "ஐ ஆம் ஃபைன்மா" என்பதற்கு மேல் பேசுவதில்லை. அவன் வீட்டை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. அவனுக்கு ஒழிந்தது ஒரு சனி, ஞாயிறுதான்.

பெட்டியில் பாதி சாப்பாடு. ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோ பகுதியில் எங்கள் வீட்டுப் பின்புறத்து மரத்தின் எலுமிச்சையில் போட்ட ஊறுகாய், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல். ஒவ்வொரு பாட்டிலையும் மூன்று பைகளில் சுற்றி டேப் ஒட்டினேன்.

"டென்மார்க்குல என்ன பஞ்சமா?" என்றார் கணவர். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

எங்கள் இருவரையும் அழைத்துப்போக விமான நிலையத்துக்கு மகன் வந்திருந்தான். இளைத்திருந்தான். ரயிலேற்றி நேராக ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனான்.

"வீடு ரொம்ப சின்னதும்மா. இங்க கம்ஃபர்டபிளா இருக்கும்."

பெற்ற பிள்ளை இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்கினோம் என்று வெளியே சொன்னால் மானம் போய்விடும். எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு நாளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாமென்று அடக்கிக்கொண்டேன்.

ஊரை நன்றாகத்தான் காட்டினான். கால்வாயில் படகு, அரண்மனை, வரிசையாக வண்ண வீடுகள். ஒவ்வொரு ஜன்னலையும் நான் இதுவாக இருக்குமோ என்றே பார்த்தேன். "உன் வீடு எந்தப் பக்கம்டா?" என்று கேட்டதற்கு, பொத்தாம்பொதுவாகக் கையைக் காட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாட்டில்களை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அம்மா, வீட்டுல ஒருத்தி இருக்கா. ஒரு வருஷமா சேர்ந்து இருக்கோம்."

"கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"யூனிவர்சிட்டில படிக்கும்போது ஒருத்திய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேனே. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு டீ கொடுத்துவிட்டு, அவள் எதிரிலேயே அவளைப் பற்றித் தமிழில் பேசினேன். உடுப்பு, குடும்பம், இவனுக்கு ஏன் புத்தி இப்படிப் போனது என்று எல்லாம் பேசினேன். புரியாது என்கிற தைரியம். அதுவும் சிரித்துக்கொண்டே பேசினேன். மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்க வேண்டும்; டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவள் கிளம்பிப் போனாள்.

"இந்தத் தடவை அப்படி இருக்க மாட்டேன்டா."

"தெரியும்மா. ஆனா எனக்குப் பயமா இருக்கு. நீங்க வந்திருக்கறதையே நான் அவகிட்ட சொல்லல."

அவன் கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பயமாக இருக்கிறது என்கிறவனிடம் கத்த முடியுமா? கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதையாவது எடுத்துட்டுப் போடா."

"ஏதுன்னு கேப்பாம்மா. இப்ப வேணாம்."

பாட்டில்களைத் திரும்பவும் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். இந்த முறை டேப் கோணலாக ஒட்டியது.

ஆக்லாந்தில் இறங்கியதும், வருகைப் படிவத்தில் உணவு கொண்டுவருகிறீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டேன். சோதனை மேசையில் என் வயதுப் பெண் ஒருவர் பெட்டியைத் திறந்தார்.

"இது எங்கே செய்தது?"

"இங்கேதான். என் வீட்டில். என் மரத்து எலுமிச்சை."

பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கே செய்ததை அவ்வளவு தூரம் கொண்டுபோய், பிரிக்காமல் ஏன் திருப்பிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். சந்தேகத்தில்தான் கேட்டார். வாய் ஓயாத என் கணவர் டிராலியைப் பிடித்தபடி நின்றார்.

"மகனுக்குக் கொண்டுபோனேன்," என்றேன். "அவன் ஊரில் இல்லை."

கேட்டதற்கெல்லாம் உண்மையையே சொல்லியிருப்பதாகச் சற்றுமுன்தான் படிவத்தில் உறுதி கொடுத்திருந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பையில் சுற்றி, கோணலாக இருந்த டேப்பை நேராக்கி ஒட்டினார்.

"அடுத்த தடவை இருப்பார்," என்று பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார்.