படைக்காத சாமை

பஸ் கொள்ளிடம் பாலம் தாண்டியதும் எனக்குக் கண் சொக்கிவிடும். மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்களின் அவித்த நெல் வாசனை ஜன்னல் வழியாக வரும்போது பாதித் தூக்கத்தில் இருப்பேன். துறையூரில் யாரோ இறங்குவதும் ஏறுவதும் எங்கோ தொலைவில் கேட்கும். உப்பிலியபுரத்தில் விழித்துப் பார்த்தால் எதிரே பச்சைமலை நிற்கும். அதைப் பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் முழுசாக விழித்துக்கொள்ளத் தோன்றாது.

அந்தத் தூக்கக் கலக்கத்தில்தான் என் தொழிலே பிறந்தது என்று அம்மா கேலி செய்வாள். ஸ்ரீரங்கத்துக்குச் சேவிக்க வருகிறவர்கள் ஒரு நாளை மலைக்குக் கொடுக்க வேண்டும், அங்கே பழைய மண்வீட்டில் தங்கி மலைக்காரர்கள் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும், அதில் வரும் வருமானம் அந்த வீட்டுக்காரர்களுக்கே போக வேண்டும். இதுதான் என் யோசனை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேஜையைப் போட்டு, "அலுவலகம்" என்று சொல்லிக்கொண்டேன். அந்த மேஜையில் அம்மா கீரை ஆய்வாள்.

மலையில் என் பேச்சை நம்பி வீட்டைத் திறந்துவிடச் சம்மதித்தவள் ஒருத்திதான். "மண்ணு வீட்டைப் பார்க்க யாராவது மெனக்கெட்டு வருவாங்களா?" என்று ஊரே சிரித்தபோது, தகரம் போடுவதாக இருந்த கூரைக்குப் புதுப் புல் வேய்ந்து, சுவரைச் செம்மண்ணால் மெழுகிக் காத்திருந்தாள். அவள் சிரிக்காததற்குக் காரணம் நடுச்சுவரில் ஆணியில் தொங்கியது. நீல நிற ரெக்ஸின் பை ஒன்று. அவள் புருஷன் ஒவ்வொரு வருஷமும் கார்த்திகையில் அதைத் தூக்கிக்கொண்டு குடகுக்குக் காபி பறிக்கப் போய்ப் பங்குனியில்தான் திரும்புவார்.

"இந்த வருஷம் என்னையும் வரச் சொல்றாருக்கா. பிள்ளைங்களை ஹாஸ்டல்ல விட்டுட்டு" என்றாள். "நீங்க சொல்ற ஆளுங்க வந்தா அந்தப் பையைப் பிரிச்சிடுவோம். வரலைன்னா இன்னொரு பை கட்டணும்."

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பை வேறு, அவர்கள் வீடு வேறு என்று தோன்றியதில்லை. ராத்திரி கண்ணை மூடினால் அதுதான் ஆடும்.

ஐப்பசியில் முதல் கூட்டம் வந்தது. சென்னையிலிருந்து சேவிக்க வந்த ஏழெட்டுப் பேர். தலைவி மாதிரி இருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எங்கே நின்றாலும் மற்றவர்கள் வரிசையாகிவிடுவார்கள். வேன் ஓட்டியவர் பாலக்கரைக்காரர், எங்கள் தெருவுக்கே பழக்கமான பாய். மலை ஏற ஏறப் பனி வேனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். புல்கூரை வீட்டின் முன்னால் இறங்கியபோது, நான் நினைத்தபடியே எல்லாம் இருந்தது. மெழுகின தரை குளுகுளுவென்று இருந்தது, பலா இலையில் பனி சொட்டியது, உள்ளே விறகு வாசனை. இப்படியே நின்றுவிடலாம் என்று இருந்தது எனக்கு.

சாப்பாட்டு நேரத்தில் கனவு கலைந்தது. இலையில் விழுந்தது ரேஷன் அரிசிச் சோறும் மொச்சைக் குழம்பும்.

"நோட்டீஸ்ல புதுச் சாமைச் சோறுன்னு போட்டிருந்ததே?" என்றார் தலைமையாசிரியை. அதற்காகத்தானே வந்தோம் என்று இன்னொருவர் முனகினார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் தெருவில் கேட்டால் சொல்வார்கள். அடுப்படிக்குப் போனேன். பரணில் கூடை நிறையச் சாமை இருந்தது. குத்திப் புடைத்தது. வெளிச்சத்தில் மின்னியது.

"இருக்கே! இதை ஏன் ஆக்கலை?"

"இன்னும் படைக்கலையே அக்கா."

"என்ன படைக்கலை?"

"ஊர்ச் சாமிக்கு. கடைசி வீட்டுக் கதிரும் களத்துக்கு வந்து, ஊரே சேர்ந்து படைச்ச பொறகுதான் யாரு வீட்லயும் புதுசு உலையில விழும்."

"நான் நோட்டீஸ்ல போட்டுட்டேனே!"

"என்கிட்ட கேக்கலையேக்கா நீங்க."

"இன்னிக்கு ஒரு நாள், ஒரு பிடி. இவங்க போய் நாலு பேர்கிட்ட நல்லபடியா சொன்னாத்தான் அந்தப் பையைப் பிரிக்க முடியும்."

அவள் புருஷன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். பையைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கூடையை இறக்கவில்லை.

"தெரியும்க்கா. பிள்ளைங்களை விட்டுட்டுப் போறது எனக்கு மட்டும் ஆசையா? ஆனா சாமிக்கு முன்னாடி நாம தின்னுட்டு வர்ற காசு உடம்புல ஒட்டுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் வருஷத்தின் முதல் மாம்பழம் வந்தால் முகர்ந்து பார்க்கக்கூட விடமாட்டாள் அம்மா. "பெருமாளுக்கு ஆகலை, தள்ளி நில்லு" என்பாள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். மலைக்கு வந்ததும், இங்கேயும் ஒரு சாமி காத்துக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் மட்டும்தான் தெய்வம் சாப்பிடுகிறது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன். யாரும் முகம் கொடுக்கவில்லை. இலையோரம் உட்கார்ந்து குழம்பை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாய்தான் பேசினார்.

"இதுல என்னங்க இருக்கு? நோம்பு தொறக்குற நேரத்துல பேரீச்சம்பழத்தைக் கையில வெச்சுக்கிட்டு பாங்கு சத்தத்துக்கு உக்காந்திருப்போம். பழம் கையிலதான் இருக்கும். வாயில போட மாட்டோம். அந்த ஒரு நிமிஷத்துலதாங்க ருசியே இருக்கு."

தலைமையாசிரியை தன் இலையை மடித்தார். பிறகு வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். "கடைசி வீடு எதும்மா?"

அவள் சரிவில் கை காட்டினாள். எல்லா வயலும் மொட்டையாகக் கிடக்க, ஒரு துண்டு நிலத்தில் மட்டும் சாமை முற்றிச் சாய்ந்து கிடந்தது. அந்த வீட்டு ஆண்கள் முன்பணம் வாங்கியிருந்ததால், ஆள் ஏற்ற வந்த முதல் ஜீப்பிலேயே குடகுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருந்தது கைக்குழந்தைக்காரி ஒருத்தி.

"நாங்க நாளைக்கு அறுத்துக் குடுக்கறதா இருந்தோம்" என்றாள் வீட்டுக்காரி.

"நாளைக்கு எதுக்கு? எல்லாரும் கை கழுவிட்டு எழுந்திரிங்க!"

ஸ்கூல் மணி அடித்தது போல எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.

அந்த மத்தியானத்தை இப்போது நினைத்தாலும் அது நடந்ததா, பஸ் தூக்கத்தில் கண்டதா என்று சந்தேகம் வருகிறது. பனி விலகுவதும் மூடுவதுமாக இருந்தது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சென்னைப் பெண்கள் கதிர் அறுத்தார்கள். அறுத்தார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. பாதியைப் பிடுங்கினார்கள், மீதியை மிதித்தார்கள். மலைப் பெண்கள் பின்னாலேயே வந்து சிந்தினதைப் பொறுக்கியபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தலைமையாசிரியைக்கு அரிவாள் பிடிக்கக் காட்டிக்கொடுத்தது வீட்டுக்காரர்தான். கைக்குழந்தை பாயின் மடியில் தூங்கியது. கடைசிக் கட்டு களத்துக்குப் போனபோது வெயில் சாய்ந்து மலையே மஞ்சளாக இருந்தது. நான் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, இது முடியவே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு பருக்கை புதுச் சாமை சாப்பிடாமல் அவர்கள் வேனில் ஏறினார்கள். "படைக்கிற நாளைச் சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியை. அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வருவது அபூர்வம் என்று எனக்குத் தெரியும். 

ஊர் கூடி நாள் குறித்த சேதி வந்ததும் தலைமையாசிரியைக்கு போன் செய்தேன். "படையலுக்கு வர முடியாது, மார்கழியில வர்றோம். ஒரு வேன் பத்தாது" என்றார். மார்கழியில் ஏகாதசிக்கு வருகிற அவருடைய சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் என்று ஒவ்வொருவராக என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மலையில் சிக்னல் கிடைக்காது. இதைச் சொல்லவென்று படையலன்று முதல் பஸ்ஸிலேயே கிளம்பினேன். அன்றைக்கு மட்டும் வழியில் தூக்கம் வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நடுச்சுவரைப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது.

 குடகு ஜீப் அந்த வாரம் வரும் என்று முன்பே சொல்லியிருந்தாள். "போயிட்டாரா? ரெண்டு நாள் பொறுக்க முடியலையா உங்களுக்கெல்லாம்?" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினேன்.  அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பேந்தப் பேந்த விழித்தாள்.

பின்னாலிருந்து செருமல் கேட்டது. களத்திலிருந்து அவள் புருஷன் வந்துகொண்டிருந்தார். வேட்டியெல்லாம் பதர். தோளில் அந்த நீலப் பை, ஜிப்பை மூட முடியாமல் பிதுங்கிக்கொண்டு. என் காலடியில் இறக்கி வைத்தார். உள்ளே கழுத்துவரை புதுச் சாமை.

"காலையிலேயே படைச்சாச்சுக்கா. இது உங்க வீட்டுக்கு. அம்மா பெருமாளுக்குப் படைக்கட்டும்."

இன்னும் ஒரு வார்த்தையும் நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. வேன்களைப் பற்றி, மார்கழியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பைக்குள் கையை விட்டேன். சாமை இன்னும் வெயிலின் சூட்டோடு இருந்தது. அழுதேன். மறைக்கவில்லை.

"பையை எப்போ திருப்பித் தரணும்?" என்று கேட்டேன்.

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள்தான் பதில் சொன்னாள்.

"மெதுவா குடுங்கக்கா. இனிமே அதுக்கு இங்க வேலை இல்லை."