சோற்று வயிறு

ஐம்பதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்தில், உத்தரவீதியில் ஒரு சின்ன போர்ஷனில் நாங்கள் இருவர் மட்டும் குடியிருந்தோம். என் கணவருக்கு ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை. நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருச்சியில், பெண்கள் பள்ளி ஒன்றில் டீச்சர். கொல்லையில் விறகுக் கட்டைகளுக்கு நடுவே ஒரு பூனை ஒற்றைக் குட்டி போட்டது. குட்டி நடக்கத் தொடங்கிய சமயம் பார்த்துத் தாய் ஜட்கா வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனது. குட்டியை நான் எடுத்துக்கொண்டேன்.

ஐயங்கார் வீட்டில் பூனைக்கு என்ன கிடைக்கும்? பால், பால் சோறு, அலுத்தால் தயிர் சோறு. குட்டி ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. வயிறு செம்பு மாதிரி உருண்டது. பால்காரர் பார்த்துவிட்டு, "நல்லா தேறிடுச்சும்மா, வயித்தப் பாருங்க" என்றார்.

எனக்குத் திருப்தியில்லை. முதுகைக் கட்டைவிரலால் தடவினால் எலும்பு ஒவ்வொன்றும் தட்டுப்பட்டது. எண்ணெய் காணாத தலை மாதிரி ரோமம் பரட்டையாக நின்றது. ஓட ஆரம்பிக்கும், பாதியில் உட்கார்ந்துவிடும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது ஒருமுறை தடவிப் பார்ப்பேன். வாசல்வரை போனவள் திரும்பி வந்து மறுபடி தடவுவேன். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள், நேற்றைவிட இன்று இளைத்திருக்கிறதோ என்று சந்தேகம் வந்துவிடும். வகுப்பில் பெண்கள் வாய்ப்பாடு ஒப்பிக்க, என் கட்டைவிரல் டஸ்டரின் முதுகைத் தடவிக்கொண்டிருக்கும்.

கணவருக்கு இது வேடிக்கை. ஸ்ரீரங்கத்து வைஷ்ணவர்களுக்குப் பூனைக்குட்டி புதிதல்ல. குரங்குக் குட்டி தாயைப் பிடித்துக்கொள்வதுபோல நாம்தான் பெருமாளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரு கட்சி. பூனைக்குட்டிபோலச் சும்மா கிடந்தால் போதும், தாய் வந்து கவ்விக்கொண்டு போகும் என்பது இன்னொரு கட்சி. அவர் பூனைக் கட்சி.

"பெருமாள் பாத்துப்பார். நீ சித்த சும்மா இரேன்."

"தாய் இருந்தாத்தானே அந்தக் கதையெல்லாம்? இதுக்கு யார் இருக்கா?"

அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எந்தக் காலத்திலும் குரங்குக் கட்சிதான்.

பள்ளியில் என் பக்கத்து நாற்காலி டீச்சர் பாலக்கரையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் வீட்டுப் பூனையும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் குட்டி போட்டிருந்தது. "எங்க குட்டிங்க கொசுவலையப் புடிச்சு ஏறுதுங்க டீச்சர்" என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவரை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

வந்தவர் குட்டியை ஒற்றைக் கையில் தூக்கினார். வயிற்றை விட்டுவிட்டு முதுகையும் தொடையையும் தொட்டுப் பார்த்தார்.

"இது சோத்து வயிறு டீச்சர். சதை எங்க இருக்கு? எங்க குட்டிங்க இதைப் போல ரெண்டு பங்கு இருக்கும். தாய்ப்பாலும் குடிக்குது, மீனும் தின்னுது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுல மீன் போட முடியாது. எங்கிட்ட குடுத்துடுங்க."

கொடுக்க மனசு வரவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை பால் கிண்ணத்தின் சத்தத்துக்குக் குட்டி எழுந்து வரவில்லை. கூடையில் வைத்துத் துணியால் மூடி பஸ் ஏறினேன்; பள்ளிக்குப் போகாமல் நேரே பாலக்கரைக்குப் போனேன். டீச்சர் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

தாய்ப்பூனை படுக்கும் பழந்துணியை எடுத்துக் குட்டியை அதனாலேயே அழுந்தத் துடைத்தார். வாசனை ஒட்டட்டும் என்றார். கீழே விட்டதும் தாய்ப்பூனை சீறியது. நான் எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க டீச்சர்."

அது முகர்ந்தது. விலகிப் போனது. மறுபடி வந்து முகர்ந்தது. குட்டியை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு ஓடிவிடலாமா என்று என் கை பரபரத்தது. அதற்குள் தாய்ப்பூனை பிடரியைக் கவ்வித் தூக்கிவிட்டது. என் கையில் ஒரு நிமிஷம் நிலைக்காமல் திமிறுகிற குட்டி, நாலு காலையும் மடக்கி, வாலைச் சுருட்டிக்கொண்டு தொங்கியது. இரண்டும் கட்டிலுக்கு அடியில் போயின. எனக்கு நிம்மதியும் பொறாமையும் சேர்ந்தே வந்தன.

சாயங்காலம் குட்டி எங்கே என்று கணவர் கேட்டார். "தாய் கவ்விண்டு போயிடுத்து" என்றேன்.

"நான் சொன்னேனோல்லியோ, பெருமாள் பாத்துப்பார்னு."

"ஆமாம். நான் கூடைல வச்சு பஸ்ல தூக்கிண்டு போனதுக்கப்பறம் பாத்துண்டார்."

குட்டி நன்றாக இருப்பதாக டீச்சர் தினமும் சொன்னார். நான் நம்பவில்லை. ஒரு மாதம்போலப் பொறுத்துவிட்டு நேரில் போனேன். ரோமம் வழவழவென்று படிந்திருந்தது. மடியில் தூக்கி வைத்து முதுகைத் தடவினேன். எலும்பு தட்டுப்படவில்லை. நம்பாமல் மறுபடி தடவினேன். அதற்கு நான் யாரென்று தெரியவில்லை. என் கையைப் பிறாண்டிவிட்டுத் தாயிடம் ஓடிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் கை எரிந்துகொண்டே வந்தது. புடவைத் தலைப்பை விலக்கி அடிக்கடி பார்த்துக்கொண்டேன். நல்ல ஆழமான பிறாண்டல்.