காற்றில் விழுந்தது

கிள்ளானில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன வருஷம் புயல்மழையில் மரம் சாய்ந்து, மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் இறந்துவிட்டார். பாலிசிப் பணத்துக்குக் கையெழுத்துப் போட அவர் மனைவி வந்திருந்தார். பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறவர்.

இரண்டு பிள்ளைகளும் இன்னும் படிக்கிறார்கள் என்று படிவத்தில் பார்த்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன்.

"கவலப்படாதீங்க டீச்சர். ஒரு வகையில இது விண்ட்ஃபால்தான் லா. பிள்ளைங்க படிப்புக்கு ஆச்சு."

எதிர்பாராமல் வரும் அதிர்ஷ்டத்தை எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் சொல்வோம்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த வார்த்தை எப்படி வந்துச்சு தெரியுமா தம்பி? காத்தடிச்சா மரத்துலேருந்து பழம் விழும். ஏறிப் பறிக்க வேணாம், சும்மா பொறுக்கிக்கலாம். அதுதான் விண்ட்ஃபால். காத்துல மரமே விழுந்தாலும் அதே பேருதான்."

வகுப்பில் பாடம் சொல்வது போலத்தான் சொன்னார். கடைசி வரியை மட்டும் படிவத்தில் கணவர் பெயர் இருந்த இடத்தைப் பார்த்துச் சொன்னார்.

"மன்னிச்சிருங்க டீச்சர்" என்றேன்.

"தெரியாமதானே சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு, மிச்ச இடங்களிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஃபைலை மூடும்போதுதான் உறைத்தது. அரை மணி நேரம் என் எதிரில் இருந்தவரிடம், எப்படி இருக்கிறீர்கள் என்றுகூட நான் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். சிலர் பதில் சொல்லாமல் அழுகிறார்கள். படிவத்தை நீட்டாமல் காத்திருக்கிறேன்.