அம்மாவுக்குப் பின்னால் ஓர் அருவி

அம்மா தவறிப்போய் இரண்டு கிழமை இருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் பல்கனியில் அப்பா உட்கார்ந்திருந்தார். கடலைப் பார்க்கிறார் என்று நினைத்துத் தேத்தண்ணியை வைத்துவிட்டுத் திரும்பினேன். வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

“பிள்ளை, கொம்மாவின்ர முகம் எனக்கு மறந்து போகுது. கண்ணை மூடினா வருகுதில்லை.”

நாற்பது வருடத்துக்கு மேல் அவர் முன்னால் இருந்து சாப்பிட்ட முகம். முப்பத்தோராம் நாள் கிரியைக்குள் அந்த முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அவர் கண்ணெதிரே மாட்டிவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

ஆனால் அம்மா கமராவுக்கு அகப்படாத மனுசி. அவவின் கல்யாணப் படம் எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டோடு எரிந்து போய்விட்டது. அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும், படம் எடுக்கப் போகிறார்கள் என்றால் அவவுக்குக் குசினியில் அவசரமாக ஒரு வேலை வந்துவிடும். தேடித் தேடி எடுத்தது சொந்தக்காரர் ஒருவரின் கல்யாணத்தில் எடுத்த ஒரேயொரு படம்தான். அதிலும் பின் வரிசையில், யாரோ ஒருவரின் தோளுக்கு மேலே முக்கால் முகமாக நிற்கிறா.

அதைக் கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் அங்கே ஒரு ஸ்டூடியோதான். நான் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவள். ஓட்டோவில் போகிற வழியெல்லாம் பாதித் தூக்கத்தில் முகங்களாகவே வந்து போயின. ஒரு காலத்தில் ராசாவுக்கும் தேவதைக்கும்தான் முகம் இருந்தது. சிகிரியாக் குன்றில் கீறிய பெண்கள் மேகத்துக்குள்ளிருந்து எழும்பி நிற்கிறார்கள். அந்த மேகத்துக்குக் கீழே ஓர் ஊர் இருக்கும் என்று ஒருவரும் கீறிக் காட்டவில்லை. பழைய விகாரைச் சுவர்களில் மரம் என்பது ஒரு கதைக்கும் அடுத்த கதைக்கும் நடுவே நட்ட வேலி. பிறகு ஐரோப்பாவில் பணக்காரர்கள் தங்கள் முகத்தைக் கீறுவித்தபோது, தோளுக்குப் பின்னால் சின்னதாக ஓர் ஆறு வந்தது. அந்த ஆறு நூறு நூறு வருடங்களாகப் பெருகி முழுப் படத்தையும் பிடித்துக்கொண்டது. மனிதர்கள் எறும்பளவாகி மூலைக்குப் போனார்கள். அதற்கும் பிறகு மலையை விட்டுவிட்டு மலைமேல் விழுகிற வெயிலைக் கீறினார்கள். கமரா வந்த பிறகுதான் எங்களைப்போன்ற ஆட்களுக்கும் சுவரில் ஒரு முகம் கிடைத்தது. ஓட்டோ கடைவாசலில் நின்றபோது எனக்கு எந்த நூற்றாண்டில் இறங்குகிறேன் என்றே தெரியவில்லை.

என் சின்ன வயதில் அந்த ஸ்டூடியோச் சுவரில் ஒரு குளமும் இரண்டு அன்னங்களும் கீறியிருந்தன. இப்போது ஒரு பச்சைத் துணி தொங்குகிறது. குளம், மலை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. அதை நடத்துகிறவர் மலையகத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட மனிதர். படத்தைப் பார்த்ததும் சொன்னார்.

“கவலைய விடுங்க மிஸ். அம்மாவ மகாலட்சுமி மாதிரி ஆக்கித் தர்றேன்.”

அந்த வசனத்தைக் கேட்டவுடனேயே படத்தைப் பறித்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். போதாததற்குக் கனடாவிலிருந்து அக்கா வட்ஸ்அப்பில் வந்து பொறுப்பெடுத்துக்கொண்டா. நீலப் பட்டுச்சேலை அவவின் தெரிவு. கழுத்தில் அட்டியலும் பின்னால் ஓர் அருவியும்கூட அவவின் தெரிவுதான். குளிர் ஒத்துக்கொள்ளாது என்று அம்மா அருவிகள் இருக்கிற நுவரெலியாப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவ.

படம் வந்தது. அருவி நன்றாகத்தான் விழுந்தது. அம்மாவின் கறுப்பைக் கழுவிச் சிவப்பாக்கி, கன்னத்துச் சுருக்கத்தையெல்லாம் இஸ்திரி போட்டிருந்தார்கள். மூக்கோரத்து மச்சத்தைக் காணவில்லை. அக்கா மட்டும், அம்மா எவ்வளவு வடிவு என்று கனடாவிலிருந்து அழுதா. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பற்றிக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டார்.

“ஆர் இது?”

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. போன் எடுத்து ஸ்டூடியோக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தேன். மச்சத்தைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டாராம். அந்த மனிதர் உண்மையிலேயே கவலைப்பட்டார்; அதனால் மேற்கொண்டு ஏசவும் முடியவில்லை. படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அப்பா அதற்குப் பிறகு முகத்தைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிறு பின்னேரம், வகுப்புக்கு நிலக்காட்சிப் பாடம் ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு வருடா வருடம் காட்டுகிற படம் ஒன்று என் டப்லெட்டில் இருக்கிறது. றெயில் பாதையைக் கடந்து இறங்கும் எங்கள் கடற்கரையில், பொழுதுபடுகிற நேரத்தில் நானே எடுத்தது. மனிதர் இல்லாத வெறும் காட்சிக்கு உதாரணம் என்று சொல்லித்தான் காட்டுவேன். பக்கத்தில் இருந்த அப்பா என் கையைப் பிடித்தார். இடது மூலையைத் தொட்டுக் காட்டினார்.

கற்களுக்கு அருகே நகத்தளவில் ஒரு பெண் முதுகு காட்டி நின்றா. ஒரு கையில் செருப்பு. மற்றக் கையால் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தா. படம் எடுத்த நான் இத்தனை வருடமும் காணவில்லை.

அப்பா இரண்டு விரலால் பெரிதாக்கினார். அம்மா சதுரம் சதுரமாக உடைந்து போனா. பதறிப்போய்ப் பழையபடி விடச் சொன்னார். விட்டதும் மறுபடி வந்து நின்றா.

“காலில தண்ணி பட்டா இப்பிடித்தான் ஒரு பக்கம் சரிஞ்சு நிப்பா,” என்றார். பிறகு அழுதார். செத்தவீட்டிலும் அழாத மனிதர். நானும் பக்கத்தில் இருந்து அழுதேன்.

அதே கொட்டாஞ்சேனைக்காரரிடம்தான் பெரிதாக அச்சடிக்கக் கொடுத்தேன். மூஞ்சி தெரியவில்லையே என்று தயங்கினார். படத்தின் ஓரத்தில், தண்டவாளத்தில் இருக்கிற காகத்தைக்கூடத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். தொடவில்லை. அருவிப் படத்தைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டோம். அங்கே அக்கா வீட்டு வரவேற்பறையில் அது நன்றாகப் பொருந்தியிருக்கிறதாம்.

முப்பத்தோராம் நாள் வந்தவர்கள், மாலை போட்ட கடலைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். விளக்கேற்றிவிட்டு அப்பா அதற்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, பொறுக்க முடியாமல் முகம் எங்கே என்று கேட்டேவிட்டா.

அப்பா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. திரும்பேக்க முகத்தைப் பாப்பம்.”